அண்ணன் கொண்டுவந்த கோடி

வளப்பூர் நாடு,
மாசி மாதம், சனிக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு மேனகா எழுதுவது. அத்தைக்கு முழங்கால் வலி குறையவில்லை என்பதைத் தவிர இங்கே எல்லாம் சுகம்தான். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நான் பேச ஆரம்பித்தால் நீங்கள் சிரித்தே என் வாயை அடைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன், கடைசிவரை படியுங்கள்.

மிளகு பறித்தாயிற்று, வாசலில் காய்கிறது. பலா மரம் நிறையப் பிஞ்சு விட்டிருக்கிறது.

நீங்கள் மரவள்ளிக் காட்டில் கழுத்துவரை மண்ணைப் போட்டு மூடிப் படுத்து எடுத்த வீடியோவை அத்தையிடம் காட்டினேன். அத்தை அதை அத்தாயி அக்காவிடம் காட்ட, அவர் மகன் யார் யாருக்கோ அனுப்பிவிட்டான். கண்ணை மூடி, சத்தமில்லாமல், முகத்தில் எறும்பு ஊர நீங்கள் கிடப்பதை இதே மலையில் ஆலத்தூர் நாட்டில் இருக்கிற என் அண்ணன் பார்த்திருக்கிறார். எனக்குப் போன் போட்டால் அன்றைக்கென்று இங்கே டவர் இல்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் அண்ணனும் அண்ணியும் வந்து இறங்கிவிட்டார்கள். அண்ணி ரோட்டிலிருந்தே அழுதுகொண்டு வந்தார். அண்ணன் கையில் கோடிச் சேலை, வெள்ளை, எனக்குக் கட்ட.

நான் தலையில் பூவோடு மிளகைக் கிளறிக்கொண்டிருந்தேன். அண்ணன் என் கழுத்தைப் பார்த்தார். தாலி இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“மாப்பிள்ளை இருக்காருங்களா கண்ணு?” என்று கேட்டார். என்னைப் போய் ‘ங்க’ போட்டுக் கேட்கிறார், பாருங்கள்.

ராஜஸ்தானில் படம் எடுக்கப் போயிருக்கிறார் என்று சொல்லி நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணிக்கு வந்த கோபத்தில் உங்களைத் திட்டிய திட்டை எழுத முடியாது. கோடியைத் திருப்பிக் கொண்டுபோக அண்ணனுக்கு மனசில்லை, ஊட்டுக்குள் வைக்க அத்தை விடவில்லை. கடைசியில் அத்தையே அதை ஓடையில் விட்டுவிட்டு வந்தார்.

அவர்கள் பஸ் ஏறிய பிறகுதான் உங்கள் கடிதம் வந்தது. நீர், காற்று, மண் என்று மூன்று படம் முடிந்தது, நெருப்பு ஒன்றுதான் பாக்கி, மணலில் வட்டமாகத் தீ மூட்டி நடுவில் உட்காரப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் படத்தை நான் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். பாறைமேல் தண்ணீர் மட்டும் ஓடுகிற படத்தை, அத்தை தூங்கிப் போனாலும், நான் முடியும்வரை பார்த்தேன். எனக்குப் பிடித்தது. மண் படத்துக்குக் கேமரா பிடித்ததும் நான்தானே. என்ன ஆனாலும் அசையாதே என்றீர்கள். உங்கள் நெஞ்சுமேல் இருந்த மண் ஏறி இறங்குவதை நிறுத்தின மாதிரி தெரிந்தபோதும் நான் அசையவில்லை. உங்களுக்குக் கோபம் வரும் என்று பயந்து நின்றேன். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது, மாமா. உங்கள்மேலும்தான்.

நம் காட்டில் சருகு கொளுத்தும்போது பச்சைத் தழையோடு நாலு பேர் சுற்றி நிற்பார்கள். தீ வைத்தவர் இன்னும் எரியட்டும் என்றாலும் அவர்கள் காதில் வாங்குவதில்லை. சரியில்லை என்று தோன்றினால் அடித்து அணைத்துவிடுவார்கள். அதற்காக யாரும் யாரையும் கோபித்ததில்லை. உங்களுக்குத் தெரியாததா?

நீங்கள் அந்தப் படத்தை எடுக்காமல் வரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லி என் வாய்தான் வலிக்கும். அங்கே கேமரா பிடிக்கப் போவது யாரென்று எனக்குத் தெரியாது. யார் வீட்டுப் பிள்ளையோ, நல்லா இருக்கட்டும். நெருப்பு மூட்டுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, அசையலாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள், சாமி.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
மேனகா