திருப்பிக் கேட்ட விறகு

மாதனூர்,
ஞாயிற்றுக்கிழமை

யாசிர் அப்பாவுக்கு வஹீதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் யாசிரும் நலம். உங்கள் முதுகு வலி குறைந்ததா? போனில் சொல்லப் பார்த்தேன், இரண்டு தடவையும் அழுகைதான் வந்தது. அதனால் மஸ்கட் திரும்பும் சமீருல்லா பாயிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

பக்கத்து வீட்டு சவுரியம்மாள் அக்கா என்னோடு பேசி ஒன்பது நாளாகிறது.

நம் தோல் கம்பெனியில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும், சரக்கு அடுக்கி உடைந்துபோன பேலட் கட்டைகளைச் சமையலுக்கு விறகாகக் கொடுப்பார்கள். நீங்கள் ஸ்டோரில் இருந்தபோது எத்தனை வண்டி ஏற்றிவிட்டிருப்பீர்கள். இப்போது சட்டம் கெடுபிடி. தோல் பதனிடும் குரோம் டிரம் நின்று கெமிக்கல் ஊறிய பேலட்டை எரிக்கவே கூடாது. மழையில் நனையாமல் கூரைக்கடியில் வைத்து, உரிமம் உள்ளவர்களுக்கு மட்டும் சீட்டுப் போட்டு அனுப்ப வேண்டும். அந்த வேலை முழுக்க இப்போது என் தலையில்.

அக்கா மகள் நிஷாவின் கல்யாணத்துக்குச் சுத்தமான கட்டை தர மானேஜர் சம்மதித்தார். முந்தின நாள் விடாத மழை. வெளியே அடுக்கியிருந்த நல்ல கட்டையெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது. கல்யாண அடுப்பு புகையக் கூடாதே என்று, கூரைக்கடியில் காய்ந்திருந்ததை ஏற்றச் சொன்னேன். அது ஏன் அங்கே இருக்கிறது என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் காலை கெமிக்கல் பேலட்டுக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தபோதுதான் பகீரென்றது. ஆட்டோ பிடித்து ஓடினேன். அப்போதுதான் அடுப்பு மூட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் தண்ணீர் ஊற்றி அணைத்து, கட்டை எல்லாவற்றையும் திரும்ப வண்டியில் ஏற்றினேன். பந்தி போட மூன்று மணி ஆகிவிட்டது. திருட்டு விறகா என்று சம்பந்தி எல்லார் காதிலும் விழக் கேட்டுவிட்டார். நான் விளக்கம் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "குடுத்தத திருப்பிக் கேக்க எம்பொண்ணு கல்யாணந்தான் கெடச்சுதா வஹீதா?"

தப்பு என்னுடையது என்று மானேஜருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை போனால் போகட்டும். புகுந்த வீட்டில் நிஷாவை இன்னும் அந்தத் திருட்டுப் பேச்சால் குத்துகிறார்களாம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சம்பந்தி கோவிந்தசாமி உங்களோடு வேலை பார்த்தவர்தானே. அவருக்குப் போன் போட்டு, அது கம்பெனி கொடுத்த கட்டை, பிசகியது என் வீட்டுக்காரி என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவார்.

ரமலானுக்குக் கேட்ட லீவு கொஞ்சம் முன்னாலேயே கிடைக்குமா? அக்கா வீட்டு வாசல்வரை இரண்டு தடவை போய்த் திரும்பிவிட்டேன். தனியாகப் போய்க் கதவைத் தட்ட எனக்குத் தெம்பில்லை. அல்லாஹ் உங்களை நல்லபடி வீடு சேர்க்கட்டும்.

உங்கள்
வஹீதா