நாற்காலிக் காலுக்கடியில் இருந்தது

பாய்,

உங்கள் கடையைக் காலி செய்கிறார்கள். நேற்று உங்கள் மூத்த மகன் சிராங்கூன் சாலையைக் கடந்து, நான் உங்கள் கடைக்கு வந்தால் உட்காரும் நாற்காலியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். "இத உங்களுக்குத்தான் குடுக்கணும்னு வாப்பா சொல்லியிருந்தாங்க மாமா" என்று இறக்கி வைத்தான். உட்கார்ந்தேன்; ஆடியது. திரும்பிப் போய் ஒரு ரப்பர்த் துண்டை எடுத்து வந்தான். "இது இல்லாட்டி நிக்காது. இத்தன வருஷமா காலுக்கடியில இதானே இருந்துச்சு."

உள்ளங்கை அகலத் துண்டு. ஒரு பக்கம் கத்தியால் வெட்டிய தடம். மேலே வளைந்து வளைந்து ஓடும் பள்ளங்கள். மூக்கருகே கொண்டுபோனேன். தூசிக்கு அடியில் கறுப்புச் சாயத்தின் வாசம் இருந்தது, அல்லது இருப்பதாக என் பயம் சொன்னது. மகன் போகும்வரை அதைக் கைக்குள் மூடி வைத்திருந்து, பிறகுதான் காலுக்கடியில் செருகினேன்.

ஐம்பதுகளில் நாம் இருவரும் வெறும் லாரி டயர் வியாபாரிகள். எதிரெதிர்க் கடை, வெவ்வேறு கம்பெனி, அவ்வளவுதான். தாம்சன் சாலையில் கார்ப் பந்தயம் வந்த பிறகுதான் நமக்குப் பைத்தியம் பிடித்தது. உங்கள் கம்பெனி ஒரு காருக்கு இலவசமாக டயர் கொடுத்தால், என் கம்பெனி இரண்டு காருக்குக் கொடுக்கச் சொல்லும். ஜெயித்த காரின் படத்தை யார் வாசலில் மாட்டுகிறார்களோ, அந்த வாசலில்தான் மறுநாள் டாக்சிக்காரர்கள் நிற்பார்கள்.

"என்னா தவுக்கே, இந்த வருஷம் உங்க வாசல்ல யாரு படம்? சாமி படந்தானா?" என்று, சீனர் தங்கள் முதலாளியைக் கூப்பிடுகிற மாதிரி, சாலைக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவீர்கள். "உங்க கார் புகை விட்டுக்கிட்டு நிக்கிற படம் கெடச்சா மாட்டுறேன் பாய்" என்பேன். கடைத்தெருவே சிரிக்கும்.

ஒரு வருஷம் என் பந்தய டயர்கள் வந்த கப்பல் தாமதமாகிவிட்டது. கம்பெனித் துரை என் மேசையில் விரலால் தட்டிச் சொன்னார்: நம் டயரில் ஒரு காராவது ஓடியாக வேண்டும், இல்லாவிட்டால் ஏஜென்சிக்கு வேறு ஆள் பார்ப்போம். கிடங்கில் இரண்டு வருஷத்துக்கு முந்தைய நான்கு டயர்கள் கிடந்தன. தகரக் கூரையின் சூட்டில் வெந்தவை. நல்ல பந்தய ரப்பரில் நகத்தை அழுத்தினால் பதிந்து, மெல்ல மீளும். இவற்றில் நகம் இறங்கவே இல்லை. ஓரங்களில் மயிரிழை வெடிப்புகள். வெடிப்பு தெரியாதபடி நான் கறுப்புச் சாயம் பூசினேன். லாரி டயர்களுக்கு எத்தனையோ முறை பூசியதுதான். இப்போது யாரிடம் மறைக்க?

ஓட்டுபவன் ஆ செங், புக்கிட் தீமாவில் பட்டறை வைத்திருந்தவன். அவன் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். டயரைத் தட்டிப் பார்த்து, "பாகுஸ் லா, தவுக்கே!" என்று மலாயில் மெச்சினான். நான் தலையாட்டினேன்.

கார்கள் வரிசையில் நின்றபோது நீங்கள் வழக்கம்போல வேவு பார்க்க வந்தீர்கள். பின்சக்கரத்தில் கட்டைவிரலை வைத்து இழுத்தீர்கள். விரல் கறுத்தது. விரலைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். வெள்ளைக் கைக்குட்டையில் துடைத்து, அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு உங்கள் கார் பக்கம் போய்விட்டீர்கள்.

அது பந்தயத்துக்கென்று கட்டிய தடமா என்ன? பஸ் போகும் சாலை. ஓரத்தில் விளக்குக் கம்பம், ஆளை விழுங்கும் சாக்கடை, கயிற்றின்மேல் சாய்ந்து நிற்கும் சனம். கார்கள் மரங்களுக்குள் புகுந்ததும் சத்தம் அடங்கிவிடும். அந்த அமைதிதான் என்னைக் கொன்றது. வளைவில் மறுபடி உறுமல் கேட்டு, அவனுடைய சிவப்புக் கார் கண்ணில் பட்ட பிறகே மூச்சு விடுவேன். விட்டதும் அடுத்த சுற்று.

ஐந்தாம் சுற்றில் உங்கள் கார் தண்ணீர் கொதித்து நின்றது. வேறு நாளாக இருந்தால் எனக்கு வயிறு குளிர்ந்திருக்கும். கொஞ்ச நேரத்தில், இரண்டு கையிலும் இரண்டு சக்கரங்களை உருட்டிக்கொண்டு என்னிடம் வந்தீர்கள்.

"ரெண்டு காருக்கும் ஒரே அளவு சக்கரந்தான். அவனக் கூப்பிடுங்க."

"அடுத்த ரவுண்டுல கூப்பிடுறேன் பாய்."

கார் கடந்துபோனது. அவனை நிறுத்தச் சொல்லிக் காட்டும் பலகையை நான் தூக்கவில்லை. பத்தடி தள்ளித் துரை குடையோடு நின்றார்.

"கூப்பிடுங்கங்கிறேன்!"

"துரை பாக்குறாரு. உங்க டயர மாட்டுனா என் ஏஜென்சி போச்சு."

"அவன் பொண்டாட்டிகிட்ட போயி இதச் சொல்லுவீங்களா?"

மறுபடி கார் வந்தது. இந்த முறை உறுமலுக்கு நடுவே தப், தப் என்று ஈரத்துணியைக் கல்லில் அடிக்கும் சத்தம். நீங்கள் பலகையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினீர்கள். அதற்குள் அவன் போய்விட்டான்.

அந்தச் சுற்றைத்தான் நான் இன்னும் கனவில் நின்று பார்க்கிறேன். அவனுக்கு முன்னால் போன கார் வந்தது. பின்னால் போனதும் வந்தது. அவன் வரவில்லை. உங்கள் உதடுகள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தன. நான் முருகனைக்கூடக் கூப்பிடவில்லை. கூப்பிட வாய் கூசியது.

மெதுவாக, சாலை ஓரமாக, நொண்டிக்கொண்டு வந்தான். பின்சக்கரத்தில் ரப்பர் உரிந்து தொங்கியது. துரை நெருங்குவதற்குள் நீங்கள் குறுக்கே குந்தி, கத்தியால் அதை அறுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "பஞ்சர், சார்" என்றீர்கள். பிறகு உங்கள் சக்கரங்களை நீங்களே மாட்டினீர்கள். ஆ செங் கடைசியாக வந்து சேர்ந்தான். முழு உடம்போடு வந்தான். பஞ்சரானால் கையில் கிடைத்ததைத்தானே மாட்ட முடியும்? ஏஜென்சி என்னிடமே தங்கியது.

ஆனால் துண்டு உங்கள் பையில் இருந்தது. அன்றிலிருந்து உங்களுக்குப் பயந்தேன். நீங்கள் விலையைக் குறைத்தால் நான் எதிர்த்துக் குறைக்கவில்லை. "தவுக்கே, ஒரு நிமிஷம் வாங்க" என்று கூப்பிட்டால், இன்றைக்குத்தான் துண்டைக் காட்டி ஏதாவது கேட்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே வருவேன். இந்த நாற்காலியில் உட்காரவைத்து, ஃபேரர் பார்க்கில் நடந்த பந்தாட்டத்தைப் பற்றிப் பேசி அனுப்பிவிடுவீர்கள்.

ஒருமுறை தாங்காமல் நானே கேட்டேன். "பாய், அந்தத் துண்டு..."

"எந்தத் துண்டு? டீ ஆறுது, குடிங்க." கொஞ்சம் பொறுத்துச் சொன்னீர்கள்: "சாயத்தப் பாத்தப்பவே நான் சொல்லியிருக்கணும். உங்க கார் கவுந்தா என் வாசலுக்குப் படம் வரும்னு பேசாம நின்னேன். எஞ்சின் கொதிச்சு என் கார் நின்ன பொறகுதான் எனக்குப் புத்தி வந்துச்சு. அத நெனச்சா எனக்கே என்னைப் பாக்கப் பயமாயிருக்கு."

நான் நம்பவில்லை. என் வாயைக் கிளறப் பார்க்கிறீர்கள் என்று நினைத்தேன். நான் பயந்து உட்கார்ந்திருந்தபோதெல்லாம் அந்தத் துண்டு என் காலடியில் கிடந்திருக்கிறது.

பிடாடாரி இடுகாட்டில் உங்களுக்கு மூன்று பிடி மண் போட்டபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் நிம்மதிதான். இனி யாருக்கும் தெரியாது. அந்த நிம்மதி எவ்வளவு ஆபத்தானது என்று இன்று காலைதான் தெரிந்தது.

பிடோக்கில் கடலைத் தூர்க்கும் இடத்துக்கு மண் லாரி ஓட்டுகிற ஒருவர் வந்தார். ஆறு டயர், சல்லிசாக வேண்டும். "பாக்கப் பளபளன்னு இருந்தாப் போதும்ணே" என்றார். பின்கட்டில் பழைய சரக்கு இருந்தது. பழக்கத்தில் எதிர்ப்பக்கம் பார்த்தேன். உங்கள் கடை மூடிக் கிடந்தது. பார்க்க ஆளில்லை. போய்ச் சாய டின்னின் மூடியைத் திறந்துவிட்டேன், பாய். வாசம் முகத்தில் அடித்ததும் அந்தத் தப், தப் கேட்டது. மூடிவிட்டு வந்து, "சரக்கு இல்ல, அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவைத்தேன்.

டின்னைத் தூக்கி எறியலாம். பக்கத்துச் சந்து முனையில் இன்னொன்று விற்கிறார்கள். அதனால் நாற்காலிக் காலுக்கடியிலிருந்து துண்டை எடுத்து, டின் மூடியின்மேல் வைத்திருக்கிறேன். இனி மூடியைத் திறக்க வேண்டுமானால் அதைக் கையால் எடுத்து நகர்த்தியாக வேண்டும்.

இதை எழுதும்போது நாற்காலி ஆடுகிறது. ஆடட்டும்.