வெள்ளிக்கிழமைக்குக் குறித்த பிள்ளை

ஆகஸ்ட் 10, ஞாயிறு
புழுக்கம். விடுமுறை. வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கைக்காய், இஞ்சி, தேசிக்காய். லிஃப்ட் இன்னும் பழுது. மூன்று மாடி ஏறுவதற்குள் அம்மா பல தடவை நின்றா. வயிறு அவவுக்கு முன்னால் போகிறது.

ஹெந்தளையிலிருந்து பெரியம்மா பஞ்சாங்கத்துடன் வந்தா. வெள்ளி காலை நல்ல நேரம் என்று ஐயர் குறித்துக் கொடுத்தாராம். "வெட்டுறதெண்டா நேரம் பார்த்தே வெட்டலாம்தானே."

இந்த முறையாவது வெட்டாமல் பெறவேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. முயன்று பார்க்கலாம் என்றுதான் டொக்டரும் சொன்னவர். கட்டாரிலிருந்து அப்பா போனில் அம்மாவிடம்: "அக்கா சொல்றபடி செய்யும்." அவ்வளவுதான். வெள்ளிக்கே வெட்டுவதென்று முடிவானது.

என்னையும் வெட்டித்தான் எடுத்தார்கள். அப்போது நேரம் பார்க்க அவகாசம் இல்லை. "அதுதான் இவளுக்கு வாய் கூட," என்றா பெரியம்மா.

ஆகஸ்ட் 11, திங்கள்
கிளினிக். துணைக்கு நான்தான். டொக்டர்: "பழைய தழும்பு இருக்கு. வெள்ளிக்கு முதல் வலி வந்தா பொறுத்துக்கொண்டு இருக்கவேண்டாம். உடனே வாங்கோ." தழும்பு கிழிந்தால் இருவருக்கும் ஆபத்தாம். அம்மா தலையாட்டினா.

பிள்ளைக்குப் பெயர்கள் யோசித்தேன். சொல்ல ஆளில்லை. என் சிநேகிதி ஷாலினி விடுமுறைக்கு இந்தியா போய்விட்டாள்.

ஆகஸ்ட் 13, புதன்
பின்னேரம். அம்மா வீடு வரும்வரை நான் ஹெந்தளையில், பெரியம்மா வீட்டில்.

பதினொன்றரை போல எங்கள் வீட்டில் அம்மா குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றா. முதலில் "வாய்வு" என்றா. பிறகு, "வெள்ளி வரைக்கும் பொறுப்பம்." பெரியம்மாவுக்குப் போன் எடுத்தேன். "இப்ப வெளிக்கிடாதேங்கோ. ராகு காலம் தொடங்கப்போகுது. அது முடியட்டும்."

"கேட்டாய்தானே," என்று அம்மா என் கையைப் பிடித்தா. அவ கை குளிர்ந்து, வியர்த்து இருந்தது.

கையை விடுவித்துக்கொண்டு ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு பரீனா ஆன்ட்டியின் கதவைத் தட்டினேன். "ஒங்க உம்மாவுக்கு வலியா? செருப்பப் போடு புள்ள. நான் த்ரீவீல் புடிக்கிறன்."

இருவருமாக அம்மாவைத் தாங்கி இறக்கினோம். "இக்மனட்ட, அய்யே," என்றேன் சாரதியிடம் சிங்களத்தில். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அம்மா, "ஹெமின், ஹெமின்." வேகமாக என்று நான், மெதுவாக என்று அம்மா. அவர் கண்ணாடியில் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு ஹோர்னில் இருந்து கையை எடுக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் உடனே ஒப்பரேஷன் தியேட்டர். கதவு மூடியது. ஆன்ட்டி தொழப் போனா. கதிரையில் நான், மடியில் அம்மாவின் செருப்பு.

தம்பி. இருவரும் சுகம். ராகு காலம் முடியுமுன்பே பிறந்துவிட்டான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி
தூறல். குறித்த நேரம் வந்தது, போனது. பெரியம்மா பருப்புக்குத் தாளித்தபடி போனில் யாரிடமோ: "இவள் மூத்தவள் அவசரப்பட்டுப் போட்டாள். ரெண்டு நாள் பொறுத்திருந்தா பிள்ளைக்கு ராஜயோகம்."

வார்ட்டுக்குள் சிறுபிள்ளைகளை விடமாட்டார்களாம். தம்பியைப் படத்தில்தான் பார்த்தேன். என் நாடி. எல்லாரும் அப்பாவின் நாடி என்கிறார்கள்.

பிறகு அம்மா எனக்குப் போன் எடுத்தா. மெல்லிய குரல். "பழைய தழும்பு கிழியத் தொடங்கியிருந்ததாம். டொக்டர் சொன்னவர். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா..." "நீ செய்ததுதான் சரி, குஞ்சு. அக்காவுக்குச் சொல்லாதே. தாங்கமாட்டா."

அம்மா வைத்த பிறகும் போன் என் காதில்தான் இருந்தது.

"அம்மா என்னவாம்?" பெரியம்மா கேட்டா.

"சாப்பிட்டாவாம்," என்றேன்.