‘கட்டி’ என்ற வரிக்கு எதிரே

ஜூன் 9, திங்கள்
ஏழு மணிக்கே வெயில். ஆனையூர் ஸ்கேன் சென்டரில் புது சாப்ட்வேர். இருபது வருஷமாக ரிப்போர்ட் டைப் அடித்தே தேய்ந்த எனக்குப் புதுத் தலைவலி. எங்கள் வழக்கம்: கட்டி, கல் என்ற வரிகளுக்கு எதிரே கோடு என்றால் இல்லை. கேள்விக்குறி என்றால் டாக்டருக்குச் சந்தேகம். இன்று எல்லார் ரிப்போர்ட்டிலும் கேள்விக்குறி. கோச்சடைப் பெரியவர் ஒருவர்: “கல்லு இருக்கா இல்லையான்னு என்னையவே கேக்குறீகளா தாயி?”

கம்ப்யூட்டர் பார்க்கும் முருகேசன் போனில்: “நீங்க அடிக்கிற கோட்டை வேர்டு புரோகிராம் தானா நீட்டிவிடுதுக்கா. கம்ப்யூட்டருக்குள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர் உண்டு; அந்த நீட்டுக் கோட்டோட நம்பர் புது சாப்ட்வேருக்குத் தெரியாது. தெரியாததுக்கெல்லாம் கேள்விக்குறி போட்டுரும். கை வைக்காதீங்க, புதன்கிழம வாரேன்.”

தெரியாததற்கெல்லாம் திருப்பிக் கேள்வி. என் வீட்டுக்காரருக்குள்ளும் அதே சாப்ட்வேர்தான்.

ஜூன் 10, செவ்வாய்
முருகேசன் எதற்கு? இரண்டு நாள் ரிப்போர்ட் மொத்தத்திலும் கேள்விக்குறியைக் கோடாக மாற்று என்று ஒரே தட்டு. முடிந்தது. ரிசப்ஷன் மல்லிகாவிடம் அரை மணி நேரம் பீற்றல். வடை அவள் செலவு.

சாயங்காலம் ரிப்போர்ட் வாங்க வந்தார் கொட்டாம்பட்டி பாண்டியம்மாள், நேற்று வயிறு ஸ்கேன் எடுத்தவர். “என்னக்கா போட்டிருக்கு?” எல்லா வரியிலும் கோடு. “ஒண்ணுமில்லம்மா, நிம்மதியாப் போங்க.” என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஜூன் 11, புதன்
மேகமூட்டம். முருகேசன் வந்தான். பெருமையாகச் சொன்னேன். சிரிக்கவில்லை. “அப்ப டாக்டர் நெசமாவே போட்ட கேள்விக்குறி என்னாச்சுக்கா?”

மாற்றிய பிறகு எல்லாம் ஒரே கோடு, ஒரே நம்பர். இனிப் பிரிக்க முடியாதாம். டாக்டர் கைப்பட எழுதிய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். டாக்டரே கேள்விக்குறி போட்டிருந்தவை மூன்று. இரண்டு ரிப்போர்ட் இன்னும் மேஜையில்தான். மூன்றாவது பாண்டியம்மாள். கட்டி: ?

அவர் போன் ஸ்விட்ச் ஆஃப். ஆறு தடவை.

டாக்டர் அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் அந்தச் சீட்டுகளை மேஜைக்கடியில் தள்ளினேன். சோறு இறங்கவில்லை.

ஜூன் 12, வியாழன்
லீவு. வயிற்றுவலி என்று பொய். முழுப் பொய்யும் இல்லை. கொட்டாம்பட்டி பஸ்.

வாசலில் கோழி உரித்துக்கொண்டிருந்தார். “ஒண்ணுமில்லன்னு வந்துருச்சுல்ல, சாமிக்கு நேந்த கோழி. சாப்ட்டுத்தான் போகணும். எதுக்குக்கா இம்புட்டு தூரம்?”

“என் தப்பும்மா. டாக்டருக்குச் சந்தேகம் இருக்கு. கட்டி இருக்குன்னு இல்ல, சந்தேகம். நாந்தான் அத அழிச்சுட்டேன்.”

கத்தியைக் கழுவினார். கோழியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். சேலை மாற்றிக்கொண்டு வந்து, “வாங்க” என்றார்.

டாக்டரைப் பார்க்கத் திரும்பும் பஸ் மேலூரைத் தாண்டியது. “டாக்டரு நல்லவராக்கா?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அவரிடம் நான் இன்னும் எதையுமே சொல்லவில்லை.