மூன்றாவது வளைவு வரை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், நலமில்லை என்று எழுதினால் நீ தூங்க மாட்டாய், ஆகையால் வேளைக்குச் சாப்பிடுகிறேன், மாத்திரை தவறவில்லை என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், அவருடைய முதுகு வலி இந்நேரம் குறைந்திருக்க வேண்டும்.

விடுமுறைக்கு நீங்களும் அம்மாவும் போய்வந்த அந்த நாட்டுக்குப் போகிறோம், அவருக்கு முதுகு சரியில்லாததால் வாடகைக் காரை நான்தான் ஓட்டப் போகிறேன், என்று நீ ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய். "நம்ம வீட்லயே எதிர்ப்பக்கம் ஓட்டினது நீங்க ஒருத்தர்தாம்ப்பா, என்னென்ன பாத்துக்கணும்னு எழுதி அனுப்புங்க" என்றாய். அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. "அந்த ஏரியில அம்மா உக்காந்த மரப்பாலத்துல, அம்மா காலை நனைச்ச அதே இடத்துல நானும் கொஞ்ச நேரம் உக்காரணும். அதுக்காகத்தான் அவ்வளவு தூரம் போறேன்" என்றாய். நான் பால் பொங்குகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. எண் போட்டு வரிசையாக வைத்துக்கொண்டால்தான் எனக்கு எதையும் சொல்லத் தைரியம் வரும், உனக்குத் தெரியும். ஆகையால்:

1. வாடகைக் காரை வாங்கும்போது பார்க்க வேண்டியவை.
2. எதிர்ப்பக்கத்தில் ஓட்டும்போது வரும் குழப்பங்கள்.
3. ஏரிக்குப் போகும் மலைச்சாலை.
4. உன் அம்மாவைப் பற்றி நான் உன்னிடம் மறைத்த ஒன்று.
5. ஆகையால் நீ அந்த ஏரிக்குப் போக வேண்டாம் என்பது.

முதலாவது எளிது. கவுன்டரில் இருப்பவர் ஒரு தாளில் காரின் படத்தைக் கொடுத்து, எங்கெங்கே கீறல் இருக்கிறதோ அங்கே குறி போடச் சொல்வார். வெளிச்சத்தில் நிறுத்தச் சொல்லி, ஒரு முறை சுற்றி வந்து பார்த்துவிட்டு கையெழுத்துப் போடு. நான் மூன்று முறை சுற்றினேன், பதினொரு கீறல் கண்டுபிடித்தேன், நான்காவது சுற்றுக்குக் குனிந்தபோது உன் அம்மா கவுன்டரில் இருந்த இளைஞரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே "பொண்ணு பாக்க வந்தப்பகூட இவர் என்னை இவ்வளவு நேரம் பாக்கல" என்றாள். அவருக்கு நம் பேச்சு புரியாது, ஆனாலும் சிரித்தார். கிளம்புவதற்கு முன் இருக்கையையும் கண்ணாடிகளையும் உனக்கு ஏற்றபடி சரிசெய்துகொள், ஓட ஆரம்பித்த பிறகு கை வைக்காதே.

இரண்டாவது. அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும், ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் இருக்கும் என்பது புத்திக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. முதல் இரண்டு நாளும் நான் பழைய கதவைத்தான் திறந்தேன், ஸ்டீயரிங் இல்லாத இடத்தில் உட்கார்ந்து சாவி போடத் துளை தேடினேன். அம்மா வெளியே நின்றபடி, "என்னங்க, இன்னிக்கு நான் ஓட்டணுமா?" என்று கேட்டாள். நாற்பது வருடம் நான் உட்கார்ந்த பக்கத்தில் இப்போது அவள் உட்கார்ந்ததால், லாரி எதிரே வரும்போதெல்லாம் இல்லாத பிரேக்கைத் தன் காலால் மிதித்தாள். திரும்புவதற்கு விளக்குப் போட நினைத்தால் வைப்பர் ஆடும், கொளுத்தும் வெயிலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனோம். ரவுண்டானாவில் வண்டிகள் சுற்றும் திசை மாறியிருக்கும், அவசரப்படாதே, வழி தெரியாவிட்டால் இன்னொரு சுற்றுச் சுற்று. நான் ஒன்றில் ஐந்து சுற்றுச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள், ஐந்தாவதில் "இறங்கிக்கவா, நீங்க இருந்து பாத்துட்டு வாங்க" என்றாள். அந்தச் சிரிப்பை இவ்வளவு கவனமாக எழுதுகிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

மூன்றாவது. சமவெளியில் அகலமாக வரும் சாலை, மலையடிவாரத்தில் ஒரு பெட்ரோல் பங்க் தாண்டியதும் சுருங்கிவிடும். அங்கிருந்து ஏரிக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் என்று அங்கேயே எழுதியிருக்கும், ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை உண்டு. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டாவது கியரில் ஏறு. பள்ளத்தின் விளிம்பில் வெள்ளை அடித்த கற்கள் நட்டிருக்கும், அவற்றைப் பார்க்காதே, சாலையைப் பார். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்தச் சாலையில் மூன்று வளைவுகளுக்கு மேல் நான் ஓட்டியதில்லை.

நான்காவது இதுதான் மகளே. நாங்கள் ஏரிக்குப் போகவே இல்லை. மூன்றாவது வளைவில் மரம் ஏற்றிய லாரி ஒன்று இறங்கி வந்தது, நான் பழக்கத்தில் நம் ஊர்ப்பக்கமாக ஒதுங்கிவிட்டேன், அது லாரிக்காரனுடைய பக்கம். அவன் ஹாரன் அடித்தபடியே நிறுத்தினான், இரண்டு வண்டிக்கும் நடுவே ஒரு கை அகலம் இருந்திருக்கும். அவன் திட்டிவிட்டுப் போய்விட்டான். நான் ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நில அளவை அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் மலைச்சாலைகளை வரைந்தவன், ஒரு சாலையில் ஏற முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த ஏரியின் படத்தை வருடக்கணக்காகச் சமையலறையில் ஒட்டி வைத்திருந்தவள் உன் அம்மா. அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "ஏரி எங்க ஓடிப் போயிடப் போகுது, அடுத்த தடவை பாத்துக்கலாம், திருப்புங்க" என்றாள்.

திரும்பி வந்து அந்த பெட்ரோல் பங்க்கில் காகித டம்ளரில் காப்பி வாங்கினோம். அப்போதுதான் நீ போன் செய்தாய். ஏரிக்குப் போயாச்சா என்று நீ கேட்டது எனக்கும் கேட்டது. நான் தலை குனிந்திருந்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஓ, போயாச்சே! உங்கப்பா என்னமா ஓட்டினார் தெரியுமா!" என்றாள். அங்கே வைத்திருந்த சுற்றுலாத் தாளைப் பிரித்து, அதில் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்த மரப்பாலத்தின் படத்தைப் பார்த்துப் பார்த்து உனக்குச் சொன்னாள். பாலத்தின் நுனியில் உட்கார்ந்து காலை நனைத்தேன், பனிக்கட்டி மாதிரித் தண்ணீர், சின்னச் சின்ன மீன் வந்து காலைக் கடித்தது என்றாள். மீன் அந்தத் தாளில் கிடையாது, அவளாகச் சேர்த்துக்கொண்டது. நீ என்னிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, "அப்பா, சூப்பர்ப்பா" என்றாய். நான் "ம்" என்றேன். வாழ்நாளில் நான் சொன்ன பெரிய பொய் அந்த ஓர் எழுத்துதான். போனை வைத்ததும் அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த குழாயடிக்குப் போய், இரண்டு காலையும் நனைத்துக்கொண்டு வந்தாள். "பாதியை உண்மையாக்கிட்டேன், மீதி உங்க பொறுப்பு" என்றாள்.

ஊருக்கு வந்ததும் உன்னிடம் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன், அதற்குள் அவள் நோயில் படுத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் நீ அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "இந்தக் கால்தானே அந்த ஏரியில நனைஞ்சுது" என்றாய். அவள் என்னைப் பார்த்தாள். சொல்லிவிடுங்கள் என்று பார்த்தாளா, சொல்லாதீர்கள் என்று பார்த்தாளா, இன்று வரை எனக்குத் தெரியவில்லை. நான் சொட்டும் மருந்தை எண்ணுவது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அடுத்த தடவை என்று அவள் சொன்னதை நிறைவேற்ற எனக்கு ஏழு மாதம் இருந்தது மகளே. நான் ஒரு டிக்கெட்டுக்குக்கூட விசாரிக்கவில்லை. நம் காரையும் அவள் போன பிறகு எடுக்கவில்லை, பேட்டரி இறங்கிவிட்டது, மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "ஓட்டாம வெச்சிருந்தா வண்டி மக்கிப் போகும் சார்" என்றார். அவள் இருக்கையை அவள் வைத்திருந்தபடியே விடச் சொன்னேன்.

ஐந்தாவது. அம்மா உட்காராத இடத்தில் அம்மாவைத் தேடி நீ ஏன் போக வேண்டும்? பதினேழு வளைவு, நீ தனியாக ஓட்ட வேண்டும், மாப்பிள்ளைக்கோ முதுகு வலி. போக வேண்டாம். கடற்கரைப் பக்கமாக எங்காவது போய் வாருங்கள்.

இதுவரை நேற்று எழுதியது. இன்று காலை, பெட்ரோல் பங்க் வரையாவது உனக்கு வழி தெரியட்டும் என்று வரைபடம் ஒன்று வரைய உட்கார்ந்தேன். கை இன்னும் பழகியே இருக்கிறது. சாலை வந்தது, பங்க் வந்தது, ஒன்று, இரண்டு, மூன்று வளைவுகள் வந்தன. அதற்கு மேல் பேனா போகவில்லை. பார்க்காததை வரையக் கூடாது என்பது எங்கள் அலுவலகப் பாடம். மீதித் தாள் வெள்ளையாகக் கிடந்ததை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அவளை மூன்றாவது வளைவில் திருப்பியவன்தான் இப்போது கடிதம் எழுதி உன்னையும் திருப்பப் பார்க்கிறான் என்று தோன்றியது.

படத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். பங்க்கில் காற்றடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன், அதுதான் குழாய். அம்மா கால் நனைத்த இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான், அங்கே ஒரு நிமிடம் நில். என் மேல் கோபம் வந்தால் அங்கேயே கோபப்பட்டு முடித்துவிடு, கோபத்தோடு மலை ஏறாதே. பிறகு மேலே போ. மூன்றாவது வளைவுக்கு மேல் நீயே வரைந்து எனக்கு அனுப்பு. அந்த ஏரியில் மீன் இருக்கிறதா என்றும் எழுது, அவள் சொன்னது சரியா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட நாள் நோயில்லாமல் சேர்ந்து இருக்க வேண்டும், அம்மாவின் ஆசியும் என் ஆசியும் உங்களுக்கு எப்போதும் உண்டு. கதவைத் திறக்கும் முன் எந்தப் பக்கம் என்று ஒரு முறை யோசி. மேலே ஐந்தாவதாக எழுதியது தவறு. மையால் எழுதிவிட்டேன், அழிக்க வரவில்லை. அதை மட்டும் படிக்காததாக வைத்துக்கொள்.

உன் அப்பா