சூரியகாந்திக் காட்டில் நான் நிறுத்திய பேய்

ஆவணி 12, வியாழன்
காலையிலிருந்து சாரல். தென்காசி பஜாரில் குடை ரிப்பேர், வெற்றிலை, சைக்கிள் டியூப். குடைக்காரன் கடை அடைப்பு.

என் புதுப் பேய்க்கதை வாட்ஸ்அப்பில் பறக்கிறது. எழுதியது நான், குரலும் நான். டீக்கடையில் ஒருவன் போட்டுக் கேட்டான். பாதி டீ தரையில். சரி, கால்வாசி. ஒன்பதாம் வகுப்போடு நின்றவனுக்கு ஜில்லாவில் இந்த மரியாதை. தொழில் ரகசியம் ஒன்றுதான்: பேய் பொய்யானாலும் இடம் நிஜமாக இருக்க வேண்டும். இந்தத் தடவை சுந்தரபாண்டியபுரத்தில் அக்கா வீட்டுக்காரர், என் அத்தானின் சூரியகாந்திக் காடு. மோட்டார் ரூம், வேப்பமரம், எல்லாம் உள்ளபடி. விளைந்த பூக்கள் தலை கவிழ்ந்து நிற்கும். நடுவில் ஒருத்தியும் தலை கவிழ்ந்து நிற்பாள். அவள் நிமிரும்போது முகத்தைப் பார்த்தவன் காலி.

ஆவணி 13, வெள்ளி
அக்கா போனில் அழுகை. பூ வெட்டும் பெண்கள் ஒருத்தியும் வரவில்லையாம். கதையைக் கேட்டுவிட்டார்களாம். சாரல் இப்படியே பிடித்தால் பூ முழுக்கப் பூசணம். அத்தானுக்கு இந்த வருஷம் இது ஒன்றுதான் வெள்ளாமை.

பஸ் பிடித்துப் போனேன். அத்தான் முகம் கொடுத்துப் பேசவில்லை. குடலிறக்க ஆபரேஷன் ஆன மனுஷன், சுமை தூக்கக் கூடாது. காட்டையே பார்த்து உட்கார்ந்திருந்தார்.

ஆள் கூட்டி வருகிற பேச்சியிடம் போய், அது நான் கட்டிய கதை என்றேன்.

"நாங்க பயந்திரக் கூடாதுன்னு சொல்லுதிய. எங்க மதினி நேர்லயே பாத்திருக்கா."

"போன வாரந்தான் அவள நானே உண்டாக்குனேன், தாயி."

"அப்பம் உங்களுக்கு முந்தியே அங்கன நின்னிருக்கா அண்ணாச்சி."

பேச்சில் நான் தோற்றது இதுதான் முதல் தடவை. அக்காவிடம் தோற்றது கணக்கில் வராது.

ஆவணி 14, சனி
விடியக்காலம் மூளை வேலை செய்தது. பாகம் இரண்டு அனுப்பினேன். அவளைக் கெடுத்தவன் ஒரு ஆண். ஆகவே பெண்களைத் தொடமாட்டாள். வெயில் ஏறுமுன் பேச்சி ஆட்களோடு அரிவாளும் கையுமாக வந்துவிட்டாள். பெரிய பெரிய ஆட்களுக்கு இந்த யோசனை வராது.

மத்தியானம் அடுத்த அடி. கடையநல்லூரிலிருந்து வந்த டிராக்டர் டிரைவர் வரப்போடு நின்றுவிட்டார்.

"எனக்குப் பிள்ளகுட்டி இருக்கு அண்ணாச்சி."

வண்டி திரும்பிப் போயிற்று. ஊர் ஆண்களும் வரவில்லை. இனி எல்லாம் தலைச்சுமை. மேற்கே மலை தெரியவில்லை, அவ்வளவு மேகம். கை போதாது. அத்தானால் முடியாது. மிச்சம் உள்ள ஆண் நான்.

ஆவணி 15, ஞாயிறு
காற்று. காட்டுக்குள் இறங்கினேன். பேச்சி கை காட்டினாள்.

"நீங்க அந்தால மோட்டார் ரூம் பக்கம் வெட்டுங்க. ஆம்பள நிக்க எடத்துக்குத்தான் அவ வருவா. எங்க கூட நிக்காதிய."

தனியே போனேன். என் உயரத்துக்குப் பூ. அத்தனையும் தலை கவிழ்ந்து. உரசுகிற சத்தம். நான் கட்டினதுதான், தெரியும். தெரிந்தும் தலையைத் தூக்கவில்லை. தண்டைப் பார்த்து வெட்டு, தரையைப் பார்த்துப் போடு. முதுகுக்குப் பின்னால் இன்னொரு அரிவாள் சத்தம். நான் நிறுத்தினால் அதுவும் நின்றது. பிறகு பக்கத்தில் நனைந்த இரண்டு பாதம், சேலைக்கரை.

"நிமிராதிய. சாக்க மட்டும் இங்கன குடுங்க."

பேச்சி குரல் மாதிரி. சாக்கைக் கொடுத்தேன்.

கடைசிச் சுமை கொட்டகைக்குள் வரவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. ஒரு பூ நனையவில்லை. சரி, பத்திருபது நனைந்தது. பெண்கள் டீ குடித்தார்கள். 'மோட்டார் ரூம் பக்கம் வந்தியா' என்று பேச்சியிடம் கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

அத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மூன்று நாளில் முதல் பேச்சு.

"வெள்ளாம வீடு சேந்துட்டு மாப்ளே. இனி அவள அங்கேருந்து எடுத்துரு. அடுத்த உழவுக்கு நாந்தான உள்ள போணும்."

"எடுத்துருதேன் அத்தான்."

ஐந்தருவிக்கு அனுப்பிவிடலாம். எப்போதும் ஜனம் இருக்கிற இடம். ஒரு வாய்ஸில் முடித்துவிடுவேன். அவள் சம்மதிக்க வேண்டும்.