மாடியில் இருக்கும் உன் இரும்பு

அக்கா,

இரண்டு முறை சோப்பு போட்டுக் கழுவியும் உள்ளங்கையில் இரும்பு வாசம் போகவில்லை. அம்மா விழித்துவிடக் கூடாதே என்று போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில், கணக்கு நோட்டின் கடைசித் தாளில் எழுதுகிறேன். நீ காய்ச்சலில் போய் இரண்டு மாதம் ஆகிறது. விடிந்ததும், நீ எடை தூக்கிப் பழகிய ராடையும் அதில் மாட்டும் பிளேட்டுகளையும் அப்பா ஆற்றில் போடப் போகிறார்.

"அந்த இரும்பத் தூக்கித் தூக்கித்தான் எம் பிள்ள உடம்பு காய்ச்சலத் தாங்காமப் போச்சு" என்று பெரியம்மா போனில் அழுதாள். உன் துணிமணியோடு அதையும் ஆற்றில் விட்டுவிட வேண்டுமாம். அப்பா சரி என்றுவிட்டார்.

நான் அதைத் தூக்கிப் பழகுவது அவர்களுக்குத் தெரியாது. பெரியம்மா அப்படிச் சொன்னதிலிருந்து, தூக்கி வைத்தபின் நெஞ்சு அடித்துக்கொண்டால் எனக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கேட்பதற்கு நீதான் வேண்டும்.

எலும்பு டாக்டருக்கு மேல்படிப்பு படிக்க நீ எங்கள் மாடி அறைக்கு வந்தபோது, உன் பெட்டியைவிட அந்த இரும்புதான் கனம். லாரியில் வாழைத்தார் ஏற்றும் அப்பாவுக்கே மூச்சு வாங்கியது.

"ஏ பிள்ள, டாக்டருக்குப் படிக்கியா, மூட்ட தூக்கப் படிக்கியா?"

"எலும்பு டாக்டருக்கு ரெண்டும் ஒண்ணுதான் சித்தப்பா" என்றாய்.

முப்பது மணி நேர டியூட்டி முடிந்து வந்து, பச்சை உடுப்போடு மொட்டைமாடிக்குப் போவாய். எண்ணுவது என் வேலை. பத்து தடவை தூக்கிவிட்டு, "நூறு எண்ணிட்டு எழுப்புட்டி" என்று சுவரில் சாய்வாய். இருபதுக்குள் தூங்கிவிடுவாய். தூக்கத்திலேயே யாரிடமோ எக்ஸ்ரே கேட்பாய். நூறில் தொட்டால் எழுந்து நேரே ராடுக்குப் போவாய். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் ஒரு பக்கம் பத்து கிலோவும் மறுபக்கம் ஐந்தும் மாட்டி, ராடு சரிந்து தண்ணீர்த் தொட்டிக் குழாய் உடைந்தது. அதன்பின் டியூட்டி முடிந்த நாட்களில் வெறும் ராடு மட்டும்தான். "ஒருநாள் சும்மா இருந்துட்டா மறுநாள் வரத் தோணாது" என்றாய். அந்த வெறும் ராடையே அப்போது என்னால் அசைக்க முடியாது.

போன மழைக்காலத்தில் அப்பா லாரியிலிருந்து வழுக்கி விழுந்து இடது தோள் விலகியது. ஆஸ்பத்திரியில் உன்னைவிட உயரமான ஒரு டாக்டர் இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். அப்பா அலறினார். பிறகு நீ வந்தாய். செருப்பைக் கழற்றிவிட்டு அப்பாவின் கையைப் பிடித்து, வெடுக்கென்று இழுக்காமல், ஒரே சீராக இழுத்தபடி நின்றாய்.

"பைய மூச்சு விடுங்க. இன்னைக்கு எந்தத் தோப்புத் தாரு சித்தப்பா?"

நான் கதவோரம் என்னை அறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். நூறு தாண்டியது, இருநூறும் தாண்டியது. உன் முன்கை முறுக்கிய கயிறு போல இருந்தது; முகத்தில் ஒன்றுமே இல்லை. அப்பா தோப்பின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தோள் உள்ளே போனது. ஒரு மனுஷிக்கு இது முடியுமா என்று நான் வாய் பிளந்து நின்றேன்.

வெளியே வந்து என்னிடம் மட்டும் சொன்னாய்: "நம்ம ஆளுன்னா எனக்கும் பயந்தான்ட்டி. கையில காட்டிக்கிடல, அவ்ளோதான்."

அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டுதான் இந்த இரண்டு மாதத்தைக் கடத்தினேன். காலையில் அப்பா மாடிக்கு வரும்போது அங்கே நிற்பேன். நானும் தூக்குகிறேன் என்று சொல்வேன். திட்டட்டும், அடிக்கட்டும். ஆற்றில்தான் போட வேண்டுமென்றால், "அக்கா சரியாக்கின அந்த இடது கையால தூக்கிக் கொண்டு போங்கப்பா" என்பேன்.